குதிகால் முடிச்சு

பெஹாலா, கொல்கத்தா
6 ஏப்ரல் 2001

அன்புள்ள செலின் அக்காவுக்கு,

தம்பி பிரிட்டோ எழுதுவது. என் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 438. பாலிகஞ்சில் ஒரு லேபில் நேற்று மாலை கொடுத்த தாளில் அப்படித்தான் இருக்கிறது. இருநூறுக்குள் இருக்க வேண்டுமாம். தாள் மாறிப்போயிருக்கும் என்று இன்று காலை திரும்பவும் போய்க் கேட்டேன். மாறவில்லை. இதை முதலில் எழுதியதில் உன்னையும் மச்சானையும் மஹிமாவையும் நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். எல்லோரும் நலம்தானே?

நடந்ததைச் சொல்கிறேன். லீக் தொடங்கும் முன் எங்கள் அலுவலக அணியில் எல்லோரையும் டாக்டரிடம் அனுப்புவார்கள். டாக்டர் சான்யால் வயதானவர். என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே தடித்த நரம்பில் இருக்கும் அந்த முடிச்சை அழுத்திக்கொண்டே இருந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். பதினேழு வயதிலிருந்து என்றேன். எங்கள் வீட்டு ஆண்களுக்கு வரும், பந்து விளையாடுகிற கால் என்பதற்கு அடையாளம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

உனக்கு நினைவிருக்கும். எனக்கு அது தெரிந்த அன்று சித்தப்பா என் காலைத் தூக்கிப் பிடித்துக் கடற்கரை முழுக்கக் காட்டினார். "லேய் மக்கா, நம்ம வீட்டுக் காலு வந்துட்டு ஒனக்கு!" மறுநாளே நாகர்கோவிலுக்குப் போய் பூட்ஸ் வாங்கி வந்தார். அப்பாவுக்கும் முதல் பூட்ஸ் அப்படித்தான் கிடைத்ததாம்.

டாக்டர் அப்பாவைப் பற்றிக் கேட்டார். நாற்பத்தொரு வயதில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர் மணலிலேயே விழுந்தார் என்றேன். சித்தப்பா? முப்பத்தெட்டில், கிறிஸ்துமஸ் மேட்சில், இடைவேளைக்குப் பிறகு. வெயில் தாங்கவில்லை என்று ஊரில் சொன்னார்கள் என்றேன். "டிசம்பரில் வெயிலா?" என்று கேட்டார்.

அந்த முடிச்சு கொழுப்பாம். பந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். பிறக்கும்போதே கூட வருகிற நோய், குதிகாலில் கட்டுவது போலவே இதயத்துக்குப் போகும் குழாயிலும் கட்டும் என்றார். ராத்திரி ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார்.

பயமாக இருக்கிறது அக்கா. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். போனும் செய்யாதே. நம் குடும்பத்துக்குப் போன் வந்தால் அது சாவுச் செய்திதான். மெஸ்ஸில் போன் மணி அடித்தால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

பெண்களுக்கும் இது வருமாம். உன் குதிகாலில் இருக்கிறதா என்று டாக்டர் கேட்கச் சொன்னார். பார்த்து எழுது.

அன்புத் தம்பி,
பிரிட்டோ


மஸ்கட்
22 ஏப்ரல் 2001

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தை ஆஸ்பத்திரி லாக்கர் அறையில் நின்றபடி படித்தேன். அதன்பிறகு டியூட்டியில் இரண்டு முறை ஒரே நோயாளிக்குக் காய்ச்சல் பார்த்தேன்.

எங்கள் இதய டாக்டரிடம் தாளிலுள்ள எண்ணைச் சொன்னேன். உன் டாக்டர் சொன்னது சரி என்றார். மருந்து இல்லாமல் விட்டால் அப்பாவுக்கு வந்த வயதில் உனக்கும் வரலாம், மருந்து சாப்பிட்டால் தள்ளிப்போகும் என்றார். அப்பாவைப் பெட்டியில் வைத்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. கால் பக்கம்தான் நீ நின்றிருந்தாய். எனக்கு அது மறக்கவில்லை.

ஆகையால் கேள். மாத்திரையை ஒருநாளும் விடாதே. அம்மாவின் ஜெபமாலையை நினைத்துக்கொள். காய்ச்சலோ திருவிழாவோ, ஒருநாளாவது அவள் நம்மை விட்டாளா? தவறினால் மறுநாள் சேர்த்துச் சொல்ல வைப்பாளே, அந்தக் கண்டிப்புதான் இப்போது உனக்கு வேண்டும்.

முட்டை மஞ்சள் கருவும் இறைச்சியும் வேண்டாம். மஹிமா உனக்கு ஒரு முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

அக்கா,
செலின்


பெஹாலா
13 மே 2001

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

மாத்திரை தொடங்கிவிட்டேன். அதன் பெயர் இருக்கும் அட்டையைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். மெஸ் நடத்தும் நாகரத்தினம் அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. தட்டிலிருந்து முட்டையை ஒதுக்கியதைப் பார்த்து, "ஏன் தம்பி, எங்க முட்டைக்கு என்ன கொறச்சல்? காதலா, காய்ச்சலா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். தனியாகச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. இப்போது எனக்கென்று எண்ணெய் இல்லாத குழம்பு தனியாக வருகிறது. அதைச் சாப்பிடுவதற்குப் பட்டினி கிடக்கலாம்.

காலையில் மைதானத்தில் பயிற்சி. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. இப்போது ஓடிவிட்டு வந்தால் தொடை இரண்டும் யாரோ மிதித்துப் போட்டது போல வலிக்கிறது. முன்பும் வலிக்கும், மறுநாள் போய்விடும். இது போகவில்லை. மெஸ்ஸில் மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டியிருக்கிறது.

மாத்திரையால் இருக்குமா? கேட்டு எழுது.

உன் குதிகாலைப் பற்றி நீ எழுதவில்லை.

பிரிட்டோ


மஸ்கட்
30 மே 2001

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அங்கே வெயில் எப்படி? நிறையத் தண்ணீர் குடி.

கேட்டேன். சிலருக்குத் தசை வலி வரும், ஓட்டமும் பயிற்சியும் உள்ளவர்களுக்கு அதிகமாகத் தெரியும், பெரும்பாலும் ஆபத்தில்லை என்றார் டாக்டர். "பெரும்பாலும்" என்பது அவர் சொன்ன சொல், என் சொல் அல்ல. சான்யாலிடம் நீயே போய்ச் சொல். அவர் சொல்லாமல் நிறுத்தாதே. கால் வலித்து யாரும் சாகவில்லை. நம் வீட்டில் செத்தவர்களுக்குக் கால் வலிக்கவே இல்லை.

மஹிமா பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். ஏழு வயதுக்கு நல்ல வேகம் என்றார்கள் டீச்சர். மாமா மாதிரி என்றார் மச்சான். வீட்டுக்கு வந்ததும் கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். சாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். எதற்கென்று அவள் கேட்டாள். மணல் இருக்கும் என்றேன்.

செலின்


பெஹாலா
24 ஜூன் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மழை பிடித்துவிட்டது. மைதானம் முழுக்கச் சேறு.

உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன். ஜூன் முதல் வாரம் இரண்டு மேட்சில் என்னை வெளியே உட்கார வைத்தார்கள். எங்கள் கோச் பாதல்தா நல்ல மனிதர், வாய்தான் நீளம். அதற்கு முந்தைய மேட்சில் வலது விங்கில் எனக்குப் போட்ட பந்து கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. "கீ ரே மாத்ராஜி, துர்கா பூஜைக்குள்ள அந்தப் பந்தைப் பிடிச்சிடுவியா, இல்ல டாக்ஸி வரச் சொல்லட்டுமா?" என்று கத்தினார். மொத்த கேலரியும் சிரித்தது.

சிரிப்பு பரவாயில்லை. எனக்கு இந்த வேலை பந்துக்காகக் கிடைத்தது. இரண்டு வருடத் தவணை செப்டம்பரில் முடிகிறது. அந்த மாதக் கடைசியில் விளையாட்டுக் கமிட்டி கூடி, என்னை நிரந்தரமாக்குவதா அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யும். உட்கார்ந்திருப்பவனை நிரந்தரமாக்க மாட்டார்கள். அனுப்பிவிட்டால் மாத்திரை வாங்குவதும் கஷ்டம்தான். டாக்டரிடம் கால் வலியைச் சொன்னால் ஆடாதே என்று எழுதிவிடுவார். அதனால் இன்னும் போகவில்லை.

ஆனால் நல்ல செய்தி கேள். நேற்று முன்தினம் ஆடவிட்டார்கள். இரண்டு கோல். பழைய கால் திரும்பி வந்துவிட்டது அக்கா! பாதல்தா சேற்றோடு கட்டிப்பிடித்தார்.

மாத்திரையைப் பற்றிக் கவலைப்படாதே. ஒன்றுகூடக் கடன் இல்லை.

பிரிட்டோ


மஸ்கட்
11 ஜூலை 2001

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இரண்டு கோலையும் மச்சான் இங்கே பக்கத்து வீட்டுக்காரரிடம் நான்காக்கிச் சொல்லியிருக்கிறார்.

உன் கடிதத்தை நான் பல முறை படித்தேன். மேயில் மாடி ஏற முடியாதவனுக்கு ஜூனில் பழைய கால் எப்படித் திரும்பியது? மருந்து மாறியதா? அளவு குறைந்ததா? சான்யாலிடம் போகவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒன்றுகூடக் கடன் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

மாத்திரையை நிறுத்திவிட்டாயா? ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வரி எழுது. திட்ட மாட்டேன்.

செலின்


மஸ்கட்
10 ஆகஸ்ட் 2001

தம்பி,

உன் பதில் வரவில்லை. தபால்காரர் மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இது அவசரம். கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரையைக் கம்பெனியே சந்தையிலிருந்து திரும்பப் பெறுகிறது என்று நேற்றைய பத்திரிகையில் வந்திருக்கிறது. தசை கரைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்து, அமெரிக்காவில் மட்டும் முப்பத்தொரு பேர் இறந்ததாக அந்த நாட்டு மருந்துத் துறை சொல்கிறது. பெயரைப் பார்த்தேன். நீ அனுப்பிய அட்டையில் இருப்பது அது அல்ல. ஆனால் அதே வகை. எங்கள் டாக்டர், மற்ற மாத்திரைகளில் இது மிக அபூர்வம், பயந்து நிறுத்தக் கூடாது என்றார். அளவு மீறினால்? என்று கேட்டேன். ஏன் மீற வேண்டும் என்று என்னையே பார்த்தார். எனக்கே தெரியவில்லை ஏன் கேட்டேன் என்று.

சிறுநீர் கறுத்துப் போனால், கை கால் தூக்க முடியாமல் போனால், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போ. என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே.

ஏப்ரலில் உனக்கு அப்பாவின் பெட்டியை நினைவூட்டினேன். அந்த வரியை எழுதியிருக்க வேண்டாம்.

அக்கா


பெஹாலா
14 ஆகஸ்ட் 2001

செலின் அவர்களுக்கு,

நாகரத்தினம் எழுதுவது. நீங்க என்னைப் பார்த்ததில்லை. உங்க தம்பி ரெண்டு வருஷமா எங்க மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறான். எழுத வேண்டாம் என்று சொன்னான். அவன் சொன்னதை எல்லாம் நான் கேட்பதில்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், உயிரோடுதான் இருக்கிறான். போன் செய்திருப்பேன். "வேணாம்க்கா, போன் வந்தா அவ பயந்தே விழுந்துருவா"ன்னு கையைப் பிடித்துக்கொண்டான். அதனால் கடிதம்.

சனிக்கிழமை மேட்ச். ஆளைப் பொசுக்குகிற புழுக்கம். முழு நேரமும் ஆடிவிட்டு வந்து அப்படியே படுத்தான். ஞாயிறு காலை டீக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. நாங்க ரெண்டு பேர் தூக்கிப் பிடித்துத்தான் பாத்ரூமுக்குக் கொண்டுபோனோம். வெளியே வந்தவன் முகத்தில் ரத்தமில்லை. "அக்கா, கடுங்காப்பி மாதிரி போகுது"ன்னான். நான் டாக்ஸி பிடித்துவிட்டேன்.

சலைன் ஏறுகிறது. தசை உடைந்திருக்கிறதாம். இருநூறுக்குள் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று முப்பத்தோராயிரம் இருக்கிறதாம். கிட்னி பாதி வேலைதான் செய்கிறதாம். இரண்டு நாள் பார்த்துவிட்டு டயாலிசிஸ் பற்றி முடிவு செய்வோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு நாள் நாளையோடு முடிகிறது. நான் தினமும் போகிறேன். அவன் கோச்சும் வந்து வாசலில் நிற்கிறார். உள்ளே வர வெட்கமாம்.

அம்மாவுக்குச் சொல்லலாமா என்று எழுதுங்க.

நாகரத்தினம்


பெஹாலா
29 ஆகஸ்ட் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

மெஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன். டயாலிசிஸ் வேண்டியிருக்கவில்லை. நேற்றைய பரிசோதனையில் முப்பத்தோராயிரம் தொள்ளாயிரமாக இறங்கியிருக்கிறது, கிட்னி ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இது டாக்டர் சான்யால் வாயால் சொன்னது. நீ போன் செய்யாமல் இருந்தது பெரிய உதவி. செய்திருந்தால் மணி அடித்ததும் உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பேன்.

ஜூலையில் நீ கேட்ட கேள்விக்குப் பதில்: நிறுத்தவில்லை.

நான் செய்தது வேறு. மேட்சுக்கு முந்தைய மூன்று இரவும் மாத்திரையை விட்டுவிடுவேன். கால் லேசாகும். மேட்ச் முடிந்த இரவு, அன்றைக்குரியதையும் சேர்த்து நான்காகப் போட்டுக்கொள்வேன். கடலுக்குப் போனவர்கள் நாலு நாள் கழித்துக் கரையேறினால், அம்மா நாலு ஜெபமாலையையும் சேர்த்துச் சொல்ல வைத்துத்தானே சோறு போடுவாள்? சொல்லி முடித்தால் கணக்குத் தீர்ந்தது. மருந்தும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். உண்மையில் அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முதல் மாதம் முழுக்க உன்னை ஏமாற்றுவதாகக்கூடத் தோன்றவில்லை. நீ ஜூலையில் கேட்ட பிறகுதான் ஏதோ தப்பு என்று உறைத்தது. அதனால்தான் எழுதவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உடம்பு கோயில் கணக்கு வைக்காது" என்றார். சேர்த்துப் போட்டதாலா, புழுக்கத்தில் தண்ணீர் இல்லாமல் ஆடியதாலா, இரண்டுமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்றார்.

இப்போது எந்த மாத்திரையும் இல்லை. அந்த எண் முழுக்க இறங்கிய பிறகு, வேறு வகையில் மிகக் குறைந்த அளவில், வாரம் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொண்டு தொடங்கலாம் என்கிறார். ஓடலாமா? மருந்து இல்லாமல் ஓடினால் அப்பா. மருந்தோடு ஓடினால் ஆகஸ்ட் பன்னிரண்டு, அந்த ஞாயிறு. ராத்திரி படுத்தால் நெஞ்சையும் பார்க்கிறேன், தொடையையும் பார்க்கிறேன். எது முதலில் என்று.

இந்த சீசன் முடிந்தது. பாதல்தா, சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுக்க என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்று கமிட்டிக்கு எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "டாக்ஸின்னு சொன்னது விளையாட்டுக்குடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். செப்டம்பர் 28 வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது.

உன் ஏப்ரல் கடிதத்தைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. நீ எழுதாத ஒன்றைத்தான் கேட்கிறேன். மூன்றாவது முறையாக. உன் குதிகால்?

பிரிட்டோ


மஸ்கட்
20 செப்டம்பர் 2001

அன்புள்ள தம்பிக்கு,

நாகரத்தினம் அக்காவின் கடிதம் வந்த அன்று போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். டயாலிசிஸ் ஆயிற்றா இல்லையா என்று தெரியாமல் இருந்தேன், உன் எழுத்தைக் கவரில் பார்க்கும் வரை. அந்த நாட்களைப் பற்றி எழுத மாட்டேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. நீ ஊருக்குப் போகும்போது நீயே சொல்.

சேர்த்துச் சொல்ல வைப்பாள் என்று எழுதியது நான். நர்ஸ் எழுதக் கூடாத வரி. மருந்து தவறினால் தவறியது தவறியதுதான், அடுத்த வேளை ஒன்றுதான் என்று தினமும் நோயாளிகளுக்குச் சொல்கிறேன். உனக்குச் சொல்லவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். இருக்கிறது. இரண்டு காலிலும். பத்தொன்பது வயதிலிருந்து. பந்து உதைக்காத காலை நம் வீட்டில் யார் தூக்கிப் பார்த்தார்கள்? முதலில் கொலுசு மறைத்தது, பிறகு டியூட்டி சாக்ஸ். உன் முதல் கடிதம் வந்த அன்றே லாக்கர் அறையில் கதவைச் சாத்திவிட்டுத் தடவிப் பார்த்தேன். உனக்கு ஒவ்வொரு கடிதத்திலும் கட்டளை போட்டுக்கொண்டு, நான் ரத்தம் கொடுக்கப் போகவில்லை. எனக்கென்று பயமில்லை. எனக்கு இருந்தால் மஹிமாவுக்கும் பாதிக்குப் பாதி. அந்தக் கணக்கைத் தொடங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வாரம் கொடுத்தேன். 396. மாத்திரை தொடங்கியாயிற்று. ஒரு நாளைக்கு ஒன்று.

மஹிமாவைக் குளிப்பாட்டும்போது குதிகாலைத் தடவிப் பார்க்கிறேன். "கூச்சமா இருக்கும்மா, விடு" என்று காலை உதறுகிறாள். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. இந்த வயதில் தட்டுப்படாது, விரலை நம்பாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குக் காய்ச்சல் வந்து போன ஞாயிறுதான் விட்டது. காய்ச்சல் அடங்கி இரண்டு வாரமாவது போனால்தான் எண் சரியாக இருக்கும். அதனால் ரத்தம் எடுப்பது செப்டம்பர் 30 ஞாயிறு. முடிவு அக்டோபர் 2 செவ்வாய் மாலை. அதற்கு முன் பள்ளியில் இன்னொரு ஓட்டப்பந்தயம் இருக்கிறது. ஓடட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சரியா என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடுகிறேன், எட்டு நாளில் வருமாம். வரும்போது உன் கமிட்டியும் முடிவெடுத்திருக்கும். எது என்றாலும் உடனே எழுது.

செவ்வாய்க்கிழமை நான் கடிதம் எழுதப் போவதில்லை. அத்தனை நாள் உன்னைக் காக்க வைக்க முடியாது, என்னாலும் முடியாது. உங்கள் நேரம் இரவு ஒன்பது மணிக்கு மெஸ்ஸுக்குப் போன் செய்வேன். நாகரத்தினம் அக்காவிடம் முன்பே சொல்லி வை. மணி அடித்தால் நீயே எடு. யாரும் சாகவில்லை, ஒரு எண்தான் வருகிறது என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டு எடு. நானும் இங்கே அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அக்கா,
செலின்